புகையும் நாமும்

கோயமுத்தூரில் எங்கள் வீதிக்குப் புதிதாகக் குடிவருகிறவர்கள், காலை ஐந்தரை மணிக்குக் கேட்கும் 'கடகட' சத்தத்தை மாவு மில்லின் சத்தம் என்றே முதலில் நினைத்துக்கொள்கிறார்கள். பழைய குடிகளுக்கு அந்த மயக்கம் இல்லை. அது நமது டீஸல் அம்பாஸடர் என்பதை அவர்கள் அறிவார்கள். 1988-ஆம் வருஷம் பதிவான வண்டி. பொள்ளாச்சியில் ஓய்வு பெற்ற வைத்தியர் ஒருவரிடமிருந்து 2011-இல் அதை வாங்கினோம். "இதையும் ஒருவர் காசு கொடுத்து வாங்குவாரா?" என்று கேட்காத உறவினர் நமக்கு இல்லை.

அம்பாஸடரின் பூர்வோத்தரத்தை நேயர்கள் அறிந்திருக்கலாம். இங்கிலாந்தில் மாரிஸ் ஆக்ஸ்போர்டு என்ற பெயரில் ஓடிய மூன்றாம் வரிசை வண்டியின் வார்ப்பே அது. 1950-களின் இறுதி முதல் வங்காளத்தில் கல்கத்தாவுக்கு அருகிலுள்ள உத்தரபாராவில் ஹிந்துஸ்தான் மோட்டார்ஸார் அதைச் செய்துவந்தார்கள். 2014 மே மாதத்தில் அந்தத் தொழிற்சாலை நின்றது. மூன்று வருஷங்களுக்குப் பின், அம்பாஸடர் என்ற பெயர் மாத்திரம் 80 கோடி ரூபாய்க்கு ஒரு பிரெஞ்சுக் கம்பெனிக்கு விற்கப்பட்டது. பெயருக்கு அவ்வளவு விலை!

1980-ஐ ஒட்டி இந்த வண்டிக்கு டீஸல் எஞ்சின் வந்தது. 1,489 கன சென்டிமீட்டர் கொள்ளளவு. குதிரைச் சக்தி 37. டன்னுக்கு மேற்பட்ட பாரத்தை 37 குதிரைகள் இழுக்கவேண்டும். அவை இழுக்கின்றன, ஆனால் அவசரப்படுவதில்லை. இதே ஜாதி எஞ்சின்கள் இங்கிலாந்தின் கால்வாய்களில் ஒடுக்கமான படகுகளை இன்றும் தள்ளிக்கொண்டிருக்கின்றன. படகுக்கு ஏற்ற நடையே நமது வண்டிக்கும் என்று வைத்துக்கொள்ளலாம்.

டீஸல் எஞ்சினின் தத்துவத்தை வகுப்பில் விளக்க நமக்கு ஒரு சைக்கிள் பம்பு போதும். வேகமாகக் காற்றடித்துவிட்டுப் பம்பின் அடிப்பாகத்தைத் தொட்டால் சுடுகிறது அல்லவா? காற்றை நெருக்கினால் அது சூடேறும். நமது எஞ்சினில் காற்று ஏறக்குறைய இருபத்து மூன்றில் ஒரு பங்காக நெருக்கப்படுகிறது. அப்பொழுது உண்டாகும் சூட்டில், நாஸில் வழியே பனித்திவலைபோல் பீய்ச்சப்படும் எண்ணெய் தானே பற்றிக்கொள்கிறது. தீப்பொறி வேண்டியதில்லை. ருடால்ப் டீஸல் என்பவர் ஜெர்மனியில் ஆக்ஸ்பர்க் நகரத்தில் 1897-இல் இதை ஓட்டிக் காட்டினார். 1900-இல் பாரிஸ் கண்காட்சியில் இவ்வகை எஞ்சின் ஒன்று கடலை எண்ணெயிலேயே ஓடியது. கடலை விளையும் நம் சீமையார் கவனிக்கத்தக்க விஷயம். ஆனால் இன்று கடலை எண்ணெய் விற்கும் விலையில் அந்த யோசனை வேண்டாம்.

தீப்பொறி இல்லாவிட்டாலும் காலைக் குளிரில் எஞ்சினுக்கு ஒரு சிறு உபசாரம் செய்தாகவேண்டும். ஹீட்டர் பிளக் என்று மெக்கானிக்குகள் சொல்லும் நான்கு சிறு கம்பிகள் உள்ளே பழுக்கும்வரை அரை நிமிஷம் காத்திருந்து, பிறகுதான் சாவியைத் திருக வேண்டும். பொறுமையற்றவர்கள் பாட்டரியைத் தீர்த்துவிட்டு வண்டியைத் திட்டுவார்கள். நிறுத்துவதற்கும் சாவி உதவாது. தனியே ஒரு குமிழை இழுத்து எண்ணெயை அடைக்க வேண்டும். வண்டியை ஓட்டப் பழகிய நமது மைத்துனர் சாவியைக் கையில் எடுத்துக்கொண்டு இறங்கிவிட்டு, பின்னால் எஞ்சின் ஓடிக்கொண்டே இருப்பதைக் கண்டு விழித்த விழிப்பை நாம் மறக்கமாட்டோம்.

இவ்வண்டியை வைத்திருப்பவர் வேலையையும் கற்கத்தான் வேண்டும். நாம் கற்ற இடம் மடத்துக்குளம். பழனிக்குக் குடும்பத்தோடு போகும்பொழுது, டாங்கியில் கால் பங்கு இருப்பதாக முள் காட்டியதை நம்பி உடுமலைப்பேட்டையைக் கடந்துவிட்டோம். அம்பாஸடரின் முள்ளை நம்பலாகாது என்பது ஊரறிந்த சங்கதி. மடத்துக்குளம் தாண்டியதும் வண்டி நின்றது. பஸ்ஸில் போய் ஐந்து லிட்டர் டீஸல் வாங்கி வந்து ஊற்றியும் அது அசையவில்லை. குழந்தைகள் வேப்பமர நிழலில் புளியோதரைப் பொட்டலத்தைப் பிரித்துவிட்டார்கள். வழியே வந்த லாரி டிரைவர் ஒருவர் இறங்கி வந்து பார்த்தார்.

"டீஸல் தீந்து நின்னுதுங்களா? குழாய்க்குள்ள காத்துப் பூந்திருக்குமுங்க. ஏர் எடுக்கோணும்" என்றார்.

பெட்ரோல் வண்டிக்கு இந்தச் சங்கடம் இல்லை. டீஸல் பம்பு எண்ணெயைத்தான் அழுத்தித் தள்ளும். நடுவே காற்றுக் குமிழி இருந்தால் குமிழி சுருங்குமேயன்றி எண்ணெய் நகராது. பில்டரின் மேலுள்ள திருகைத் தளர்த்தி, கைநெம்பைக் குமிழி நிற்கும்வரை அமுக்கி, பிறகு நாஸில்களின் குழாய் முனைகளைத் தளர்த்தி எஞ்சினைச் சுற்றவிட்டு, எண்ணெய் வந்ததும் ஒவ்வொன்றாக இறுக்க வேண்டும். அவர் இரண்டு நாஸில்களுக்குச் செய்து காட்டிவிட்டு, மற்ற இரண்டுக்கும் ஸ்பானரை நம் கையில் கொடுத்தார். பணம் வாங்க மறுத்துவிட்டு, புளியோதரையை மாத்திரம் ஏற்றுக்கொண்டார். அன்று முதல் எண்ணெய் மாற்றுவது, பில்டர் மாற்றுவது, ஃபீலர் தகட்டை நுழைத்து டாப்பெட் இடைவெளி பார்ப்பது, முன்சக்கர இணைப்புகளுக்குக் கிரீஸ் அடிப்பது எல்லாம் நம் கைவேலையாயின.

இதுவரை சொன்னது பெருமை. இனி வருவது அவ்வளவு பெருமைக்குரியது அன்று.

2022-இல் குன்னூர் மலை ஏறும்பொழுது, உறவினர் ஒருவருடைய புதிய கார் நம்மைக் கடந்து போயிற்று. கடந்ததோடு அவர் கையையும் ஆட்டினார். ஊர் திரும்பியதும் ஒரு பட்டறையில், "கொஞ்சம் இழுவை ஏற்ற முடியுமா?" என்று கேட்டோம். அவர்கள் பம்பின் ஸீலை உடைத்து, எண்ணெய் அளவைக் கட்டுப்படுத்தும் திருகைச் சற்றுத் திருகிவிட்டார்கள். வண்டி பறந்தது என்றே சொல்லலாம். பின்னால் கரும்புகையும் பறந்தது. கண்ணாடியில் அதைப் பார்த்தோம். பார்த்தும் பாராததுபோல் இருந்தோம்.

டீஸல் வண்டிக்காரன் புகையின் நிறத்தைப் படிக்கத் தெரிந்தவன். வெண்புகை என்றால் எரியாத எண்ணெய். நீலம் என்றால் எஞ்சின் ஆயில் எரிகிறது. கறுப்பு என்றால் உள்ள காற்றுக்கு மிஞ்சின எண்ணெய் போகிறது. படித்தும் பேசாதிருந்ததே நம் பிழை. ஒரு நாள் காலை பக்கத்து வீட்டுப் பாட்டி, இழுப்பு நோயுள்ளவர், மதிலோரம் வந்து, "கண்ணு, வண்டிய எடுக்கறதுக்கு முன்னால ஒரு கொரல் குடு, ஜன்னலச் சாத்திக்கறேன்" என்றார். அவர் கோபித்திருந்தால் பதில் சொல்லியிருப்போம். அவர் கோபிக்கவில்லை. டீஸல் புகை புற்றுநோயை உண்டாக்கும் என்று உலக சுகாதார ஸ்தாபனத்தின் புற்றுநோய் ஆராய்ச்சி நிலையம் 2012-இலேயே வகைப்படுத்திவிட்டது. அதை வகுப்பில் சொல்லிக்கொடுத்தவரும் நாமே!

அடுத்த வருஷம் எப்.சி. காட்ட வேண்டிய தவணை வந்தது. பதினைந்து வருஷம் கழிந்த சொந்தக் கார்களுக்கு ஐந்து வருஷத்துக்கு ஒரு முறை பதிவைப் புதுப்பிக்க வேண்டும். நமது காலத்து டீஸல் வண்டிக்குப் புகையின் அடர்த்தி 65 ஹார்ட்ரிட்ஜ் அளவுக்கு மேல் போகலாகாது. முன்னதாகச் சோதித்துப் பார்த்ததில் முள் அதைத் தாண்டிப் போயிற்று.

அப்பொழுதுதான் பம்பு வேலையில் நாற்பது வருஷம் பழகிய மேஸ்திரி ஒருவரிடம் போனோம். அவர் பம்பைக் கையில் வாங்கியதும், "ஸீலை ஒடச்சிருக்குதுங்களே, வாத்தியாரய்யா" என்றார். நாம் மேலே பார்த்தோம். நாஸில்களைச் சோதனைக் கருவியில் பூட்டி நெம்பை அமுக்கினார். மூன்று மூடுபனிபோல் தூவின. ஒன்று குழாயடிபோல் சொட்டிற்று. பம்பின் உள்ளே உருளும் உறுப்புகளுக்கு இடையேயுள்ள இடைவெளி ஒரு மில்லிமீட்டரில் சில ஆயிரத்தில் ஒரு பங்குதான். அங்கே தூசும் தண்ணீரும் புகுந்தால் தேய்வு. அளவு கெட்டால் புகை. அவர் எல்லாவற்றையும் கழற்றி, பெஞ்சில் ஏற்றி, ஒவ்வொரு ஸிலிண்டருக்கும் போகும் எண்ணெயைக் கண்ணாடிக் குழாய்களில் பிடித்துச் சமப்படுத்தி, புது ஸீல் வைத்துக் கொடுத்தார். அந்த மாதம் நம் வீட்டில் புதுத் துணியைப் பற்றிய பேச்சு ஒத்திவைக்கப்பட்டது. வீட்டார் முகத்தைப் பற்றி இங்கே எழுதவேண்டியதில்லை.

வண்டி பழையபடி மெதுவாயிற்று. புகைமானி 41 காட்டிற்று.

ஆனால் 41 என்பது பூஜ்யம் அன்று. கண்ணுக்குத் தெரியும் கரி குறைந்ததேயன்றி, நுண்ணிய தூசு போகவில்லை. இந்த வண்டியில் வடிகட்டி எதுவும் கிடையாது. தில்லிப் பிரதேசத்தில் பத்து வருஷத்துக்கு மேற்பட்ட டீஸல் வண்டிகள் ஓடலாகாதென்று பசுமைத் தீர்ப்பாயம் 2015-இல் உத்தரவிட்டதையும், 2018-இல் சுப்ரீம் கோர்ட்டு அதை நிலைநிறுத்தியதையும் குறித்து நம்மைப் போன்ற வண்டிப் பித்தர்கள் கூடும் இடங்களில் வசைபாடுகிறார்கள். நாம் அந்தப் பாட்டில் சேர்ந்துகொள்வதில்லை. அந்நகரத்துக் காற்றைச் சுவாசிக்கிறவர்கள் அவர்கள் அல்லவே. நன்றாகப் பராமரித்த வண்டியையும் கெட்ட வண்டியையும் வயதை மாத்திரம் கொண்டு ஒன்றாக எண்ணுவது சரியா என்ற கேள்வி நமக்கும் உண்டு. ஆயினும் அந்தக் கேள்வியைக் கேட்க, முதலில் நம் பம்பின் ஸீல் உடையாமல் இருக்கவேண்டும்.

இப்பொழுது பள்ளிக்கூடத்துக்கு பஸ்ஸில்தான் போகிறோம். மாதத்தில் இரண்டு முறை, ஞாயிற்றுக்கிழமைகளில், அம்பாஸடர் வெளியே வருகிறது. எடுப்பதற்கு முன் பாட்டிக்குக் குரல் கொடுக்கிறோம். "ஒண்ணும் தேவையில்ல, போயிட்டு வா" என்று சில நாள் சொல்கிறார். சில நாள் ஜன்னல் சாத்தும் சத்தம் கேட்கிறது.

மேஸ்திரி கடையை மூடப்போவதாகச் சென்ற மாதம் சொன்னார். மகனுக்கு இந்த வேலையில் நாட்டமில்லை. இக்காலத்து டீஸல் வண்டிகளுக்குக் கம்ப்யூட்டர்தான் மருந்து. நம்மிடம் இரண்டு ஜதை நாஸில்களை எண்ணெய்க் காகிதத்தில் சுற்றிக் கொடுத்து, "பத்திரமா வெச்சுக்குங்க, இனிமே இது கெடைக்காது" என்றார். அடுத்த எப்.சி. 2028-இல். இருபது வருஷம் கடந்த கார்களுக்குப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணம் 2025-இல் 10,000 ரூபாயாக உயர்ந்துவிட்டது. அதற்குள் பின்பக்கத் தரைத்தகட்டில் ஏறிய துருவுக்கு டிங்கர் வேலை பார்க்க வேண்டும். முள்ளையும் சரிசெய்யலாம், ஆனால் இத்தனை வருஷம் பொய் சொல்லிப் பழகிய முள் இனி மெய் சொன்னால் நாம் நம்புவோமா என்பது சந்தேகம்.