‘உறுதிதானா?’ என்று கேட்கும் பெட்டி

ஏலம் விடுவதைப் பார்த்திருக்கிறீர்களா? “ஆயிரத்து ஐந்நூறு… ஒரு தரம்! ரெண்டு தரம்!” என்று ஏலம் விடுபவர் இழுத்து இழுத்துச் சொல்வார். மூன்றாம் தரம் சொல்லிவிட்டால் பொருள் கைமாறிவிடும். முடிந்த முடிவாவதற்கு முன் கிடைக்கும் சிறிய இடைவெளிதான் அந்த இரண்டு தரங்கள்.

தேனி மாவட்டத்துப் போடிநாயக்கனூர் ஏலக்காய்க்குப் பெயர்பெற்ற ஊர். வண்டன்மேடு போன்ற மலைப்பகுதிகளில் விளையும் காய், கம்பம்மெட்டு, போடிமெட்டுச் சாலைகள் வழியே கீழே இறங்கி வருகிறது. போடியில் நறுமணப் பொருள்கள் வாரியத்தின் மின்னணு ஏல மையம் இருக்கிறது. வியாபாரிகள் மாதிரிக் காயைக் கையில் எடுத்துப் பார்த்துவிட்டு, வாயால் கேட்காமல் பொத்தானை அழுத்தி விலை கேட்கிறார்கள். 2021இல், போடியிலும் இடுக்கி மாவட்டப் புற்றடியிலும் உள்ளவர்கள் ஒரே ஏலத்தில் ஒரே நேரத்தில் கலந்துகொள்ளும் இணையவழி முறையும் வந்தது.

இதைப் போல ஒரு பயிற்சி வலைப்பக்கத்தை நாமே எழுதுவதாக வைத்துக்கொள்வோம். (போடி மையத்தின் நிரல் வேறு, இது நம் பள்ளி விளையாட்டு.) 100 கிலோ ஏலக்காய். கிலோவுக்கு 2,400 ரூபாய் கேட்க வேண்டிய ஒருவர், கை தவறி 24,000 என்று அடித்துவிட்டார். இரண்டரை லட்சத்துக்கும் குறைவாக முடிய வேண்டிய கணக்கு 24 லட்சமாகிவிடும்! ஆகவே விலையை அனுப்புமுன், “கிலோ 24,000 ரூபாய். உறுதிதானா?” என்று ஒரு பெட்டி தோன்றும்படி செய்கிறோம். அதில் ‘சரி’, ‘வேண்டாம்’ என இரண்டு பொத்தான்கள். இதை உறுதிப்பெட்டி என்போம்.

பெட்டி சரியாக வேலை செய்கிறதா என்று எப்படி அறிவது? நாமே அழுத்திப் பார்க்கலாம். ஆனால் நிரலைத் திருத்தும்போதெல்லாம் நூறு முறை அழுத்திப் பார்க்க யாருக்குப் பொறுமை உண்டு? அந்த வேலையையும் ஒரு நிரலிடமே விட்டுவிடுகிறார்கள். 2004இல் ஜேசன் ஹக்கின்ஸ் என்பவர் தொடங்கிய ‘செலீனியம்’ அத்தகைய சோதனைக் கருவி. பெயர் வேதியியல் பாடத்தில் வரும் அதே செலீனியம்தான். அப்போது சோதனைக் கருவிகள் விற்றுவந்த ஒரு நிறுவனத்தின் பெயர் ‘மெர்க்குரி’. பாதரச நஞ்சுக்குச் செலீனியம் முறிவு என்று வேடிக்கையாக வைத்த பெயர் அது.

செலீனியம் பக்கத்தில் உள்ள பொத்தான்களைத் தேடிப் பிடித்து அழுத்தும். ஆனால் உறுதிப்பெட்டி பக்கத்தின் பகுதியே அல்ல. உலாவி தானே கொண்டுவந்து மேலே வைப்பது. பக்கம் முழுவதையும் துழாவினாலும் ‘சரி’ பொத்தான் அகப்படாது. அதோடு, பதில் கிடைக்கும்வரை பக்கத்தின் நிரல் அந்த இடத்திலேயே நின்றுவிடும். சோதனை நிரல் பெட்டியைக் கவனிக்காமல் அடுத்த வேலைக்குப் போனால், “எதிர்பாராத பெட்டி திறந்திருக்கிறது” என்ற பிழை வரும்.

இதற்கென்றே தனிக் கட்டளைகள் உண்டு. முதலில் பெட்டி தோன்றும்வரை காத்திருக்க வேண்டும். அவசரப்பட்டால் “பெட்டியே இல்லை” என்று வேறொரு பிழை வரும். பிறகு கவனத்தைப் பெட்டியின் பக்கம் திருப்பி, அதிலுள்ள வாசகத்தைப் படித்து, ‘ஏற்றுக்கொள்’ அல்லது ‘விலக்கு’ என்று சொல்லலாம்.

எந்நேரமும் ‘ஏற்றுக்கொள்’ என்று சொல்லிவிட்டால் போதாதா? இங்கேதான் பலர் ஏமாறுகிறார்கள். நம் வகுப்பு மாணவர் ஒருவர் பெட்டியைக் காட்டினார்; ஆனால் கிடைத்த பதிலைப் பார்க்க மறந்துவிட்டார் என்று கொள்வோம். ‘சரி’ என்றாலும் விலை போகும். ‘வேண்டாம்’ என்றாலும் போகும்! ‘சரி’யை மட்டும் அழுத்தும் சோதனை இதை ஆயிரம் முறை ஓடினாலும் கண்டுபிடிக்காது. ‘வேண்டாம்’ அழுத்தி, ஏலப் பட்டியலில் புதிய விலை ஏறவில்லை என்று பார்த்தால்தான் குட்டு வெளிப்படும். ‘சரி’ அழுத்தும்போதும் விலை ஒரே முறைதான் பதிவானதா என்று எண்ண வேண்டும். பெட்டியில் 24,000 என்று காட்டிவிட்டு 2,400 என்று பதியும் நிரலும் உண்டாகலாம்; வாசகத்தைப் படிக்கச் சொன்னது அதனால்தான்.

கருவிகள் ஒன்றுபோல நடப்பதில்லை என்பதும் ஒரு தொல்லை. நாம் எதுவும் சொல்லாவிட்டால் ‘சைப்ரஸ்’ என்ற கருவி உறுதிப்பெட்டிக்குத் தானாகவே ‘சரி’ சொல்லிவிடும். ‘பிளேரைட்’ தானாகவே ‘வேண்டாம்’ சொல்லிவிடும். முன்னதில், யாராவது பெட்டியையே நீக்கிவிட்டாலும் சோதனை வெற்றி என்றே வரும். எனக்கு இரண்டில் பின்னதே மேல் என்று படுகிறது. விலை போகவில்லையே என்று குழம்பியாவது நாம் தேடத் தொடங்குவோம்.

கணிப்பொறி வகுப்பில் இதைச் செய்து பாருங்கள். உலாவியில் ஏதேனும் ஒரு பக்கத்தைத் திறந்து எஃப்12 விசையை அழுத்தி, ‘கன்சோல்’ பகுதிக்குப் போங்கள். ஆங்கில எழுத்தில் ‘கன்பர்ம்’ என்று எழுதி, அடுத்து அடைப்புக்குறிக்குள் மேற்கோள் குறியிட்டு ஒரு கேள்வியை எழுதி, என்டர் அழுத்துங்கள். பெட்டி வரும். பதில் சொல்லாமல் பின்னாலுள்ள பக்கத்தை அழுத்திப் பாருங்கள், அசையாது. இப்போது ‘சரி’ அழுத்தினால் ‘ட்ரூ’, ‘வேண்டாம்’ அழுத்தினால் ‘ஃபால்ஸ்’ என்று கீழே வரும். நம் மாணவர் பார்க்க மறந்தது அந்த ஒரு சொல்லைத்தான்.