வேலியில் ஒரு சூரைக்கொடி

ஐரோப்பாவின் வேலியோரங்களில் பிளாக்பெர்ரி படர்ந்து கிடக்கும். அதன் பழம் பறவைகளுக்கு உணவு, முட்புதர் அவற்றுக்குக் காவல். கள்ளக்குறிச்சி வெயிலில் அந்த வேலையைச் செய்ய நம் மண்ணிலேயே ஒரு முட்கொடி உண்டு. அதுதான் சூரை.

இங்குள்ள கல்வராயன் மலையில் சுமார் 400 மீட்டர் உயரம் வரை முட்புதர்க் காடு. அதற்கு மேலே இலையுதிர் காடு. வறண்ட அடிவாரப் புதர்களே சூரைக்கு ஏற்ற இடம். இது இலந்தையின் குடும்பம். பிளாக்பெர்ரியோ ரோஜாவின் குடும்பம். நெருங்கிய உறவில்லாத இரண்டும் ஒரே வழியில் வாழ்கின்றன. பின்னோக்கி வளைந்த முள்ளால் பக்கத்துச் செடியைப் பற்றி ஏறுகின்றன. கருத்துப் பழுத்த கனியால் பறவைகளை அழைக்கின்றன.

சூரைப்பழம் மிளகைவிடச் சற்றுப் பெரியது. புளிப்பும் இனிப்புமான மெல்லிய சதைக்குள் ஒரே ஒரு கெட்டியான கொட்டை. கொண்டைக்குருவியும் மைனாவும் பழத்தைத் தின்று கொட்டையை வேறிடத்தில் போடுகின்றன. பறவைகள் வந்து உட்காரும் வேலிகளின் அடியில் சூரை தானாக முளைப்பது இப்படித்தான். காட்டோரங்களில் நரியும் மரநாயும் இதே விதைப்பைச் செய்கின்றன.

பழம் இல்லாத காலத்திலும் சூரைக்கு விருந்தாளிகள் உண்டு. பச்சை கலந்த மஞ்சள் நிறச் சிறு பூக்களில் தேன் குடிக்க ஈக்களும் குளவிகளும் மொய்க்கும். வெள்ளைச் சிறகில் கரும்புள்ளிகள் கொண்ட ஒரு சின்னஞ்சிறு வண்ணத்துப்பூச்சி இதன் இலையில் முட்டையிடும். அதன் புழு சுரக்கும் இனிப்புக்காக எறும்புகள் அதைச் சுற்றி வரும். அந்தக் காவல் புழுவுக்கு நன்மை.

வளர்ப்பது எளிது. பழுத்த பழத்தின் சதையைக் கழுவி, கொட்டையை ஒரு நாள் ஊறவைத்து, மழை தொடங்கும்போது வேலியோரம் ஊன்றலாம். நடைபாதையும் குழந்தைகள் விளையாடும் இடமும் தள்ளியே இருக்கட்டும். முள் துணியையும் தோலையும் விடாது. வேர் பிடிக்கும்வரை தண்ணீர் போதும். பழக்காலம் முடிந்து, உள்ளே கூடு இல்லை என்று பார்த்த பிறகே கிளைகளை வெட்டவேண்டும். பூச்சிமருந்து கூடவே கூடாது; புழு செத்தால் குஞ்சுகளுக்கு இரை இல்லை.

வெளிநாட்டுக் கொடியைத் தேடி வாங்கவேண்டாம். ஐரோப்பிய பிளாக்பெர்ரி ஆஸ்திரேலியாவில் பெருங்களையாகிவிட்டது. அழகுச்செடியாக இங்கே வந்த உண்ணிச்செடி நம் காடுகளை எப்படி மூடியது என்பதையும் பார்த்திருக்கிறோம். கம்பிவேலி எல்லையை மட்டுமே காக்கும். சூரை ஏறிய உயிர்வேலி எல்லையையும் காத்து, உயிர்களுக்கும் சோறு போடும். தோட்டத்தில் ஒரு மூலையையாவது அதற்கு விட்டுக்கொடுப்போம்.