வேர் மேலே, கிளை கீழே: கணினிக் கோப்புறைகளின் மரக்காட்சி

கணினியில் சேமிக்கப்படும் கடிதம், படம், கணக்கு, ஒலிப்பதிவு ஆகிய ஒவ்வொன்றும் கோப்பு என்றும், கோப்புகளைத் தொகுத்து வைக்கும் உறை கோப்புறை என்றும், இவ்விரண்டையும் திறக்கவும் பெயர் மாற்றவும் இடம் மாற்றவும் உதவும் நிரல் கோப்பு மேலாளர் என்றும் வழங்கப்படுகின்றன. கோப்புறைக்கு அடைவு என்ற பெயரும் உண்டு. முறை, ஒழுங்கு என்ற பொருளில் பழைய உரையாசிரியர்கள் ஆண்ட அந்தச் சொல், உறை என்ற சொல்லைவிட இதன் இயல்பை நெருங்கிச் சொல்கிறது. கோப்பு மேலாளரின் சாளரத்தில் வலப்பக்கம் ஒரு கோப்புறையின் உள்ளடக்கத்தை மட்டும் காட்ட, இடப்பக்கத்துக் குறுகிய பலகை அந்தக் கோப்புறை எந்தக் கோப்புறைக்குள் இருக்கிறது, அது எதற்குள் இருக்கிறது என்று வட்டின் தலை வரை செல்லும் தொடர்பைப் படிப்படியாக உள்தள்ளிக் காட்டுமானால், அந்தக் காட்சியே மரக்காட்சி எனப்படுகிறது. இந்த மரத்தின் வேர் மேலே இருக்கிறது. கிளைகள் கீழ்நோக்கி விரிகின்றன.

தலைகீழாக நிற்கும் இம்மரம் கன்னியாகுமரி மாவட்டத்து நாஞ்சில் நாட்டாருக்குப் புதிதன்று, ஏனெனில் அவர்களுடைய வயல்களுக்கு நீர் வந்து சேரும் முறையும் இதுவே. கோதையாற்றின் குறுக்கே திருவிதாங்கூர் மன்னர் மூலம் திருநாள் காலத்தில், பொறியாளர் மிஞ்சினின் பொறுப்பில் 1897 முதல் 1906 வரை கட்டப்பட்ட பேச்சிப்பாறை அணையும், பின்னர் பரளியாற்றில் எழுந்த பெருஞ்சாணி அணையும் மலையடிவாரத்தில் தலைப்பாக நிற்கின்றன. இவற்றின் நீரைப் பெறும் புத்தன் அணையிலிருந்து பத்மநாபபுரம் புத்தனாறு, பாண்டியன் கால் என்று நீர் பிரிய, இந்த அமைப்பின் வெவ்வேறு இடங்களிலிருந்து தோவாளை சானல், அனந்தனார் சானல், நாஞ்சில் நாட்டுப் புத்தனாறு ஆகியவை வயல்களை நோக்கிச் செல்கின்றன. சானலிலிருந்து கிளைக்கால், கிளைக்காலிலிருந்து குளம், குளத்திலிருந்து மடை, மடையிலிருந்து வயல் என்று போய்க் கடைவரம்பில் முடியும் இந்த ஒழுங்கில், ஒரு வயலைச் சுட்ட வேண்டுமானால் எந்தச் சானல், எந்தக் குளம், எந்த மடை என்று மேலிருந்து கீழாகச் சொன்னாலே போதும். கணினி மொழியில் இப்படிச் சொல்வதற்குப் பாதை என்று பெயர். ஒரு கோப்பின் பாதை என்பது வேரிலிருந்து அக்கோப்பு வரையுள்ள கோப்புறைகளின் பெயர்களைச் சாய்கோடிட்டு வரிசையாக எழுதுவதைத் தவிர வேறில்லை.

வருவாய்த் துறையின் ஆவணங்களிலும் இதே பழக்கம் நிலைபெற்றிருக்கிறது. மாவட்டம், வட்டம், கிராமம் என இறங்கிப் புல எண்ணை அடைந்தபின், அந்தப் புலம் பாகம் பிரிக்கப்படும்போது 45 என்பது 45/1, 45/2 என்றும், 45/2 மீண்டும் பிரிக்கப்படும்போது 45/2ஏ, 45/2பி என்றும், அதன்பின் 45/2ஏ1 என்றும் வளர்கிறது. உடன்பிறந்தார் எத்தனை முறை பங்கிட்டுக்கொண்டனர் என்பது அந்த எண்ணின் நீளத்திலேயே எழுதப்பட்டிருக்கிறது. படிக்கத் தெரிந்தவருக்கு அது சுருக்கி மடித்த ஒரு மரம். உட்பிரிவு எண்களுக்குப் பழகிய கண்ணுக்குக் கோப்புறை மரத்தைப் புரிந்துகொள்ளத் தனிப் பயிற்சி எதுவும் தேவைப்படாது.

மரத்தின் ஒரு கிளை இடம்மாறினால் என்ன நேரும் என்பதையும் கன்னியாகுமரி மாவட்டத்தின் வரலாறே காட்டுகிறது. 1956 நவம்பர் 1 அன்று அகஸ்தீஸ்வரம், தோவாளை, கல்குளம், விளவங்கோடு ஆகிய நான்கு வட்டங்கள் திருவிதாங்கூர்-கொச்சியிலிருந்து பிரிந்து சென்னை மாநிலத்தின் கன்னியாகுமரி மாவட்டமாக இணைந்தன. திருவட்டாறும் கிள்ளியூரும் பின்னர் தனி வட்டங்களாகப் பிரிக்கப்பட்டமையால் இன்று வட்டங்கள் ஆறு. எந்த வயலும் ஓர் அங்குலம்கூட நகரவில்லை, ஆனால் ஒவ்வொன்றின் மேல்வழியும் மாறிவிட்டது. பகுதி என்று கிராமத்தைக் குறித்து, திருவிதாங்கூரில் வழங்கிய கொல்லம் ஆண்டிட்டு எழுதப்பட்ட பழைய நிலப் பத்திரங்களில் இருப்பவை பழைய பாதைகள். அவற்றை இன்றைய வட்டத்தோடு பொருத்திக் காண்பதற்கு ஊர்ப் பெயரை அறிந்த ஒருவரின் துணை வேண்டியிருக்கிறது. கணினியிலும் ஒரு கோப்புறையை இழுத்து மற்றொன்றுக்குள் விட்டால் அதனுள் இருக்கும் அனைத்தும் குலையாமல் உடன் செல்கின்றன, ஆயினும் பழைய பாதையை நினைவில் வைத்திருக்கும் குறுக்குவழிகளும், பாதையைக் கொண்டு படங்களைச் சேர்த்திருந்த ஆவணங்களும் இலக்கை இழந்துவிடுகின்றன.

கணினியில் கோப்புறை மரம் பிறந்த கதையைச் சுருக்கமாகச் சொல்லிவிடலாம். மல்டிக்ஸ் என்னும் இயக்க முறைமைக்காக டேலியும் நியூமனும் 1965இல் அளித்த கட்டுரை, அடைவுக்குள் அடைவு என்ற அடுக்கமைப்பைத் தெளிவாக வகுத்தது. 1969இல் பெல் ஆய்வுக்கூடத்தில் தொடங்கிய யூனிக்ஸ் அதை எளிமையாக்கிப் பரப்பியது. தனியாள் கணினிகளுக்கு 1981இல் வந்த முதல் டாஸ் முறைமையில் உட்கோப்புறையே இல்லை. வன்தட்டுடன் கணினிகள் வரத் தொடங்கிய 1983இல், டாஸின் இரண்டாம் பதிப்பு அதைக் கொண்டுவந்தது. நெகிழ்தட்டில் சில பத்துக் கோப்புகளை ஒரே வரிசையில் வைத்துக்கொள்ள முடிந்தவர்களால், வன்தட்டில் சேரும் பல நூறு கோப்புகளை அப்படி வைத்துக்கொள்ள இயலவில்லை என்பதே காரணம். மரத்தைக் கோடிட்டுத் திரையில் வரைந்து காட்டிய எக்ஸ்ட்ரீ என்னும் நிரல் 1985இல் வெளியானது. விண்டோஸ் 3.0இன் கோப்பு மேலாளரும், 1995இல் வந்த எக்ஸ்புளோரரும் அந்தக் காட்சியை அலுவலக மேசைகளுக்குக் கொண்டு சேர்த்தன.

திரையில் தெரியும் மரம் வட்டில் மரமாக வரையப்பட்டிருக்கவில்லை. கோப்புறை என்பது உள்ளபடியே ஒரு பட்டியல். பெயர் ஒரு பக்கமும், அந்தப் பெயருக்குரிய தரவு வட்டில் எங்கே கிடைக்கும் என்னும் குறிப்பு மறுபக்கமுமாக எழுதப்பட்ட சிறு பதிவேடு. ஒற்றைப் புள்ளியால் தன்னையும் இரட்டைப் புள்ளியால் தன் தாய்க் கோப்புறையையும் சுட்டும் இரு வரிகள் பெரும்பாலான முறைமைகளில் அந்தப் பதிவேட்டில் மறைவாக இருக்கின்றன. ஒரே வட்டுக்குள் பத்து கிகாபைட் ஒளிப்படங்களை ஒரு கோப்புறையிலிருந்து மற்றொன்றுக்கு மாற்றுவது கண்ணிமைப்பதற்குள் முடிவதும், அதையே பென் டிரைவுக்கு மாற்றும்போது நேரம் பிடிப்பதும் இதனால்தான்: முன்னதில் பட்டியல்களின் வரிகள் மட்டுமே மாற்றி எழுதப்படுகின்றன, பின்னதில் தரவு முழுவதும் படியெடுக்கப்படுகிறது. கோப்பு மேலாளர் திறந்தவுடன் வட்டு முழுவதையும் படித்து மரத்தைத் தயாராக வைத்திருப்பதுமில்லை. பெயருக்கு முன்னால் உள்ள சிறு முக்கோணத்தைச் சொடுக்கும்போதுதான் அந்தக் கோப்புறையின் பட்டியலைப் படித்து உட்கிளைகளை விரிக்கிறது. உள்ளே கோப்புறை எதுவும் இல்லாத இடத்தில் சில நிரல்களின் முக்கோணம் சொடுக்கியவுடன் மறைந்துபோவது அதனாலேயே.

ஒரு பாசனச் சங்கச் செயலாளரின் கணினியை எண்ணிப் பார்த்தால் மரக்காட்சியின் பயன் விளங்கும். கூட்டக் குறிப்புகள், மனுக்களின் படிகள், தூர்வாருமுன்னும் தூர்வாரியபின்னும் எடுத்த குளத்தின் படங்கள், தண்ணீர் திறக்கும் நாளை அறிவிக்கும் கடிதங்கள் என்று சில ஆண்டுகளில் பல நூறு கோப்புகள் சேர்ந்துவிடுகின்றன. பாசனம் என்ற கோப்புறையின் முக்கோணத்தைச் சொடுக்கினால் தோவாளை சானல், அனந்தனார் சானல் என இரு கிளைகள் ஓரெழுத்து அகலம் உள்தள்ளித் தோன்றுகின்றன. தோவாளை சானலை விரித்தால் குளங்களின் பெயர்களும், ஒரு குளத்தை விரித்தால் கன்னிப்பூ, கும்பப்பூ என்ற இரு நெற்பருவங்களும் ஆண்டுகளோடு வருகின்றன. எந்தக் குளத்துக்குச் சென்ற கும்பப்பூவில் மனுவே அனுப்பப்படவில்லை என்பது, ஒரு கோப்பையும் திறக்காமல், கிளையில்லாத அந்த இடத்தைப் பார்த்தவுடனே தெரிந்துவிடுகிறது. இல்லாததைக் காட்டும் இந்த ஆற்றல் தேடுபொறிக்குக் கிடையாது; தேடல் இருப்பதை மட்டுமே கொண்டுவந்து தருகிறது, அதுவும் தேடுபவர் பெயரைச் சரியாக நினைவு வைத்திருந்தால்.

சானலுக்குள் ஆண்டா, ஆண்டுக்குள் சானலா என்ற கேள்வி இங்கே எழுகிறது. ஒரு குளத்தின் பல்லாண்டு வரலாறு அடிக்கடி தேவைப்படுமானால் குளம் மேலேயும் ஆண்டு கீழேயும் இருப்பது நல்லது. ஆண்டறிக்கை எழுதுவதே முதன்மை வேலையானால் வரிசையைத் திருப்ப வேண்டும். எந்தக் கேள்வி முதலில் கேட்கப்படுகிறதோ அதற்குரிய பெயர் மேல்கிளையாக அமைய வேண்டும் என்பதும், இரண்டு முறைகளையும் ஒரே மரத்தில் கலந்துவிட்டால் பிறகு எதையும் நம்பித் தேட முடியாது என்பதும் அனுபவத்தால் உறுதிப்பட்டவை. பயன்பாட்டில் ஒரு சிறு தடையும் உண்டு: விண்டோஸில் வலப்பக்கத்தில் கோப்புறைகளைத் திறந்துகொண்டே உள்ளே போனாலும் இடப்பலகை மரம் இருந்த இடத்திலேயே நின்றுவிடுகிறது. அப்பலகையின் வெற்றிடத்தில் வலச்சொடுக்கிட்டு, திறந்த கோப்புறை வரை விரிக்கும் விருப்பத்தைத் தேர்ந்துகொண்டால் மரம் பயனரைத் தொடர்ந்து வருகிறது. வல அம்புக்குறி விசை கிளையை விரிக்கும், இட அம்புக்குறி சுருக்கும். லினக்ஸ் என்னும் இயக்க முறைமையின் வகைகளில் டால்ஃபின் என்னும் மேலாளரில் எஃப்7 விசை மரத்தைத் திறக்கிறது.

இத்தனை பயனுள்ள காட்சியைச் சில நிரலாளர்கள் வேண்டாமென்று கருதியது வருந்தத்தக்கது. லினக்ஸில் பரவலாகப் பயன்படும் நாட்டிலஸ் என்னும் கோப்பு மேலாளரின் 3.6 பதிப்பு 2012இல் வந்தபோது இடப்பலகையின் மரக்காட்சி அகற்றப்பட்டது. பட்டியலுக்குள் கோப்புறைகளை விரித்துப் பார்க்கும் வசதி மட்டும் ஒரு விருப்பமாகப் பிற்பாடு தரப்பட்டது. அந்த மாற்றத்தை ஏற்காத லினக்ஸ் மின்ட் குழுவினர் நாட்டிலஸிலிருந்து கிளைத்து உருவாக்கிய நெமோவில் மரம் இன்றும் இருக்கிறது. கைபேசிகள் கோப்புறை என்ற எண்ணத்தையே பின்னுக்குத் தள்ளிவிட்டமையால், பதிவிறக்கிய சான்றிதழ் எங்கே போனது என்று அறியாமல் அதையே பத்து முறை பதிவிறக்கும் மாணவர்கள் பெருகியிருக்கிறார்கள். தமிழ்நாட்டில் 2011இல் தொடங்கிய விலையில்லா மடிக்கணினித் திட்டம் எத்தனையோ வீடுகளுக்கு முதல் கணினியைத் தந்தது. அந்தக் கணினியில் முதல் நாளே மரத்தை விரித்துக் காட்டியிருந்தால், தம் பொருள் எங்கே இருக்கிறது என்ற தெளிவு அப்பிள்ளைகளுக்கு அன்றே வாய்த்திருக்கும்.

தமிழில் பெயரிடுவோர் கவனிக்க வேண்டியவை தனியே உண்டு. யூடிஎஃப்-8 என்ற குறியாக்கத்தில் ஒவ்வொரு தமிழ்க் குறியீடும் மூன்று பைட் இடம் பிடிக்கிறது; மெய்யின் புள்ளியும் உயிர்மெய்யின் கொம்பும் காலும் தனித்தனிக் குறியீடுகளாகவே எண்ணப்படுகின்றன. ஆகவே ஏழெழுத்துச் சொல்லான கன்னியாகுமரி 12 குறியீடுகளாகி 36 பைட் கொள்கிறது. லினக்ஸில் ஒரு பெயருக்கு 255 பைட் என்பதே எல்லையாதலால் 85 தமிழ்க் குறியீடுகளுக்கு மேல் அதில் அடங்காது. விண்டோஸின் பழைய எல்லையோ முழுப் பாதைக்கும் சேர்த்து 260 குறியீடுகள். ஆழமான மரத்தில் ஒவ்வொரு கிளைக்கும் நீண்ட பெயர் வைத்தவர்கள், அடிக்கிளையில் உள்ள கோப்பைத் திறக்கவோ படியெடுக்கவோ முடியாமல் திகைப்பது இதனால்தான். அகரவரிசையிலும் இடர்ப்பாடு இருக்கிறது. ஒருங்குறியில் னகரம் நகரத்தை அடுத்தும், றகரம் ரகரத்தை அடுத்தும் வைக்கப்பட்டுள்ளன. குறியீட்டெண்ணை மட்டும் பார்த்து அடுக்கும் நிரலில் கிளைகள் நெடுங்கணக்குப்படி நிற்பதில்லை. வரிசை முக்கியமான இடங்களில் பெயருக்கு முன்னால் 01, 02 என்று எண் இடுவதே எளிய மாற்று.

மரம் என்னும் உருவகம் பொருந்தாத இடமும் நாஞ்சில் நாட்டின் நீர்வழியிலேயே இருக்கிறது. புத்தன் அணைக்குப் பேச்சிப்பாறை நீரும் பெருஞ்சாணி நீரும் வந்து சேர்கின்றன. அதற்குத் தலைப்பு இரண்டு. ஒரு குளத்தின் மறுகால் நீர் அடுத்த குளத்துக்குப் போவதும் உண்டு. கணினி மரத்தில் ஒரு கோப்புறைக்கு ஒரே தாய்தான். மருமக்கள்வழி நிலவிய காலத்தில் தந்தை யாராயினும் தாயின் வழியிலேயே ஒருவர் கணக்கில் சேர்க்கப்பட்டதுபோல, இங்கும் பதிவேடு ஒரு வழியை மட்டுமே ஏற்கிறது. இரு சானல்களுக்கும் பொதுவான கடிதத்தை எங்கே வைப்பது என்று தடுமாறுவோர் அதைப் படியெடுத்து இரண்டிலும் வைத்துவிடுகின்றனர். ஒரு படியில் திருத்தம் செய்து மற்றதை மறந்துபோகும்போது எது சரியானது என்ற குழப்பம் பிறக்கிறது. கடிதத்தைத் தோவாளை சானலில் வைத்துவிட்டு அனந்தனார் சானலில் அதற்கொரு குறுக்குவழி இடுவதே முறை. குறுக்குவழியை அழித்தால் கடிதத்துக்கு எதுவும் நேராது; கடிதத்தை அழித்தாலோ குறுக்குவழி, தண்ணீர் வராத கால்போல, பெயரளவில் அங்கேயே கிடக்கும்.