விருதுநகர் – செங்கோட்டை இருப்புப்பாதையின் சரக்குப் போக்குவரத்து

விருதுநகர் – செங்கோட்டை இருப்புப்பாதை என்பது சிவகாசி, ஸ்ரீவில்லிபுத்தூர், ராஜபாளையம், சங்கரன்கோவில், தென்காசி ஆகிய ஊர்களை இணைக்கும் தொடருந்துப் பாதையாகும். மதுரை – தூத்துக்குடி பாதை 1876ஆம் ஆண்டிலும், செங்கோட்டையிலிருந்து மலையைக் கடந்து கொல்லம் செல்லும் பாதை 1904ஆம் ஆண்டிலும் வந்துவிட்டன. இவ்விரண்டையும் இணைக்கும் விருதுநகர் – தென்காசிப் பகுதியைத் தென்னிந்திய ரயில்வே 1927ஆம் ஆண்டு மீட்டர் பாதையாகத் திறந்தது.

பாதையோர ஊர்களுக்குத் தனித்தனித் தொழில்கள் உண்டு. சிவகாசியில் 1920களில் வேரூன்றிய தீப்பெட்டித் தொழிலுக்கு மென்மரம் கேரளக் காடுகளிலிருந்து வந்தது. ராஜபாளையத்தில் பி. ஏ. சி. ராமசாமி ராஜா 1936இல் ராஜபாளையம் மில்ஸ் நிறுவனத்தைத் தொடங்கினார். பின்னர் நூற்பாலைகள் பெருகின. அருகிலுள்ள சத்திரப்பட்டி மருத்துவக் கட்டுத்துணிக்குப் பெயர்பெற்றது. ஸ்ரீவில்லிபுத்தூரின் பால்கோவா விரைவில் கெடக்கூடியது என்பதால், சரக்குப் பெட்டியைவிடப் பயணிகளின் பையிலேயே அதிகம் பயணித்தது எனலாம். அதற்கு 2019இல் புவிசார் குறியீடு கிடைத்தது.

இத்தனை தொழில்கள் இருந்தும் சரக்கு சாலைக்கு மாறியதற்கு முக்கியக் காரணம் அளவு. முன்பு ஒரு வணிகர் ஒரு பெட்டி அளவுக்கோ, அதற்கும் குறைவாகவோ சரக்கு அனுப்ப முடிந்தது. 1980களுக்குப் பின் இந்திய ரயில்வே முழுத் தொடராகச் செல்லும் சரக்குக்கே முன்னுரிமை அளித்தது. சுமார் 40 மூடுபெட்டிகள் கொண்ட ஒரு தொடர் 2,000 டன்னுக்கு மேல் ஏற்றும். ஒரு பஞ்சுப் பொதியின் எடை 170 கிலோ. எனவே தொடரை நிரப்ப ஏறத்தாழ 12,000 பொதிகள் வேண்டும். நூறு பொதி என்றால் 17 டன்தான், ஒரு லாரிக்குள் அடங்கிவிடும். ஆலை வாசலிலேயே இறக்கவும் செய்யலாம். தீப்பெட்டியும் பட்டாசும் எளிதில் தீப்பற்றும் பொருள்கள்; பட்டாசைப் பயணிகள் கையோடு எடுத்துச் செல்வதும் குற்றமாகும்.

சிமெண்டின் நிலை வேறு. சுண்ணாம்புக்கல், நிலக்கரி, சிமெண்ட் மூன்றுமே பெருமளவில் நகர்பவை. ராமசாமி ராஜா நிறுவிய சிமெண்ட் ஆலை, 1960களின் தொடக்கத்தில் ராஜபாளையத்தில் அல்லாமல், விருதுநகருக்குத் தெற்கே தூத்துக்குடி செல்லும் முதன்மைப் பாதையருகே துலுக்கப்பட்டியில் அமைந்தது.

முதன்மைப் பாதை 1990களில் அகலப்பாதையானபோது இப்பாதை மீட்டர் பாதையாகவே நீடித்தது. அகலப்பாதையில் வந்த சரக்கை விருதுநகரில் பெட்டி மாற்ற வேண்டியிருந்தது. செங்கோட்டை வரை 2004இல் அகலப்பாதை வந்தது. ஆனால் 2010இல் மூடப்பட்ட செங்கோட்டை – புனலூர் மலைப்பகுதி 2018இல்தான் மீண்டும் திறக்கப்பட்டது. இன்று இப்பாதையில் பயணிகள் தொடருந்துகளே முதன்மையானவை.