அம்மாவுக்கு மட்டும் விளங்கும் மொழி

மூளை வளர்ச்சிக் குறைபாடுள்ள பிள்ளையை வளர்க்கும் தாயிடம் "பிள்ளை கதைக்குமோ?" என்று கேட்டால் அநேகமாக ஒரே பதில்தான் வரும். "கதைக்காது. ஆனால் எனக்கு எல்லாம் விளங்கும்." அதைச் சொல்லும்போது முகத்தில் சிறு பெருமையும் தெரியும். நியாயமான பெருமைதான். 'உம்' என்றால் தண்ணீர், கதவில் தட்டினால் மலசலகூடம், தலையை மேசையில் இடித்தால் பசி என்று வருடக்கணக்காகப் பார்த்துப் படித்த மொழி அது.

அந்த மொழி தெரிந்தவர்கள் உலகத்தில் இரண்டே பேர். அந்த இருவரில் ஒருவர் இல்லாமற் போனால் என்ன செய்வது?

யுத்தத்தைக் கண்ட எங்களுக்கு இது கற்பனைக் கேள்வி அல்ல. 1995 ஒக்ரோபர் 30 ஆம் திகதி வலிகாமம் முழுவதும் ஒரே இரவில் எழும்பித் தென்மராட்சிப் பக்கம் நடந்தது. சனநெரிசலில் கைவிட்டுப்போன பிள்ளைகளைப் பெற்றோர் பெயர் சொல்லிக் கூப்பிட்டுத் தேடினார்கள். கூப்பிட்டால் திரும்பிப் பார்க்கத் தெரியாத, 'நான் இன்னாருடைய பிள்ளை' என்று சொல்லத் தெரியாத ஒரு பிள்ளையை அந்தக் கூட்டத்தில் எப்படித் தேடுவது? 2009 இல் வன்னியிலிருந்து செட்டிக்குளம் முகாம்களுக்கு வந்து சேர்ந்தவர்களுக்கும் இதே கேள்விதான். சோதனைச் சாவடியில் "பெயர் என்ன?" என்ற கேள்விக்குச் சிரித்துக்கொண்டு நின்ற இளைஞனுக்காகப் பதில் சொல்லத் தாய்தான் ஓடிவர வேண்டியிருந்தது.

அதைவிட இன்னொன்றும் நடந்தது. பதுங்குகுழிக்குள் இருந்த காலத்தில் நாங்கள் பிள்ளைகளுக்கு முதலில் படிப்பித்தது 'சத்தம் போடாதே' என்பதைத்தான். சாதாரண பிள்ளைகள் அந்தப் பாடத்தைப் படித்து, காலம் மாறியபோது மறந்தும் விட்டார்கள். மற்றப் பிள்ளைகள் அப்படி இலகுவில் மறப்பதில்லை.

முதலில் ஒரு பாரத்தை இறக்கிவைப்போம். "வயிற்றில் இருக்கும்போது பக்கத்தில் செல் விழுந்தது, அந்த அதிர்ச்சிதான்" என்றும், "கிரகம்" என்றும், "போன பிறவிப் பாவம்" என்றும் தங்களையே நொந்துகொள்ளும் தாய்மார் பலர். டவுன் சின்ட்ரோம் பெரும்பாலும் 21 ஆவது நிறமூர்த்தம் ஒன்று கூடுதலாக இருப்பதால் வருவது. ஓட்டிசத்துக்குத் தாய் வளர்த்த விதம்தான் காரணம் என்று மேலைநாட்டு வைத்தியர்களே ஒரு காலத்தில் எழுதித் தாய்மாரை வதைத்தார்கள். அது பிழையென்று பின்னர் தெளிவாகிவிட்டது. பிரசவ நேரத்தில் ஒட்சிசன் போதாமல் மூளை பாதிக்கப்பட்ட பிள்ளைகளும் உண்டு. ஊரடங்கு வேளையில் வாகனம் கிடைக்காமல் வலியோடு காத்திருந்த பெண்ணிடம் அதற்குக் கணக்குக் கேட்பது எந்த நியாயமும் அல்ல.

இனி விஷயத்துக்கு வருவோம். பிள்ளைக்கு அடுத்த வீட்டாருக்கும் விளங்கக்கூடிய ஒரு மொழி வேண்டும். அது வாய்ப்பேச்சாகத்தான் இருக்கவேண்டும் என்பதில்லை. கைதடி நவீல்ட் பாடசாலைப் பிள்ளைகள் கைகளாலேயே பகிடி விட்டுச் சிரிப்பதைக் கண்டவர்களுக்கு இதை அதிகம் விளக்கத் தேவையில்லை. சைகை, படம், பொருளைத் தொட்டுக் காட்டுதல், தலையாட்டல் எல்லாம் தொடர்பாடல்தான். "சைகை பழக்கினால் பிறகு வாய் திறக்காது" என்று உறவினர் பயமுறுத்துவார்கள். அந்தப் பயம் தேவையில்லை. சைகையும் படமும் பேச்சைத் தடுப்பதில்லை என்றே ஆய்வுகள் காட்டுகின்றன. சில பிள்ளைகளுக்கு அவை பேச்சுக்கு வழியும் திறந்து விடுகின்றன.

எதற்கும் முன்னர் காது கேட்கின்றதா என்று வைத்தியசாலையில் பரிசோதித்துக்கொள்ள வேண்டும். சொல்வழி கேட்காத பிள்ளை என்று அடிவாங்குபவர்களில் காது கேளாத பிள்ளையும் இருக்கலாம்.

வீட்டில் தொடங்கும் இடம் குசினிதான். பிள்ளை கேட்கமுன்னரே தேத்தண்ணியும் பிஸ்கட்டும் முன்னால் வந்துவிட்டால் அது ஏன் கேட்கவேண்டும்? அன்பினால் செய்வதுதான், ஆனாலும் பிள்ளையின் தேவை அங்கேயே முடிந்துவிடுகின்றது. பிஸ்கட்டை மூடி இறுக்கிய போத்தலில், கண்ணுக்குத் தெரியும்படி உயரத்தில் வையுங்கள். பிள்ளை உங்களைப் பார்க்கும், கையை இழுக்கும். அப்போது உடனே எடுத்துக் கொடுக்காமல் மனதுக்குள் பத்து வரை எண்ணுங்கள். அந்தப் பத்து எண்ணுவதுதான் எல்லாவற்றிலும் கடினம். வேலை குவிந்து கிடக்கும் வீட்டில் யாருக்குத்தான் பொறுமை? பிள்ளை ஒரு சத்தமோ ஒரு சைகையோ செய்தால் "பிஸ்கட் வேணுமோ? இந்தா, பிஸ்கட்" என்று சொல்லிக்கொண்டே கொடுங்கள். பட்டினி போட்டுப் பழக்குவது வேறு. அதைச் செய்யக்கூடாது.

அடுத்தது இரண்டில் ஒன்று. வாழைப்பழத்தையும் பாணையும் இரு கைகளில் காட்டி "எது வேணும்?" என்று கேட்பது. சீலைச் சட்டையா, பூப்போட்ட சட்டையா? தன் விருப்பத்தை ஒருநாளும் யாரும் கேட்டிராத பிள்ளை முதலில் திகைத்து நிற்கும். போகப்போகக் கை நீட்டும்.

படங்களைக் கொண்டு பழக்கும் முறை ஒன்றை 1985 இல் அமெரிக்காவில் அன்டி பொண்டி, லோரி புரொஸ்ட் என்ற இருவர் உருவாக்கினார்கள். இன்று பல நாடுகளில் கையாளப்படுகின்றது. பிள்ளை படத்தை எடுத்து இன்னொருவர் கையில் கொடுக்கும்; கொடுத்தவுடன் படத்திலுள்ள பொருள் கிடைக்கும். தொடக்கத்தில் இரண்டு பேர் வேண்டும். ஒருவர் பொருளோடு முன்னால் இருப்பார். மற்றவர் பின்னால் இருந்து, வாய் திறக்காமல், பிள்ளையின் கையைப் பிடித்துக் கொடுக்க உதவுவார். நாளடைவில் கையை விட்டுவிடுவார். இதற்கு விலையான அட்டைகள் தேவையில்லை. பால்மாப் பெட்டியின் முன்பக்கம், பிஸ்கட் உறை, சவர்க்கார மட்டை ஆகியவற்றை வெட்டிக் கடதாசி மட்டையில் ஒட்டினாலே போதும். வசதியுள்ளவர்கள் தொலைபேசியிலும் செய்யலாம். சென்னையில் வித்யாசாகர் நிறுவனத்துப் பிள்ளைகளோடு சேர்ந்து அஜித் நாராயணன் என்ற பொறியியலாளர் உருவாக்கிய 'ஆவாஸ்' என்ற செயலி, படத்தைத் தொட்டால் அந்தச் சொல்லை உரத்துச் சொல்லும். தமிழிலும் உண்டு.

பழகும் முறையையும் இப்படிச் சிறு துண்டுகளாக்கித்தான் படிப்பிக்க வேண்டும். கடைக்குப் போதல் என்பது எங்களுக்கு ஒரு வேலை. பிள்ளைக்கு அது பத்து வேலை. படலையைத் திறப்பது, ஓரமாக நடப்பது, தன் முறை வரும்வரை நிற்பது, துண்டை நீட்டுவது, மிச்சக் காசை வாங்குவது என்று நீளும். எல்லாவற்றையும் நீங்கள் செய்துவிட்டுக் கடைசியாக மிச்சக் காசு வாங்குவதை மட்டும் முதலில் பிள்ளையிடம் விடுங்கள். அது சரிவந்த பிறகு துண்டு நீட்டுவதையும் விடுங்கள். கடைக்கார அண்ணையிடம் முன்கூட்டியே சொல்லிவைத்தால் அவரும் ஒரு வாத்தியாராகிவிடுவார். முறைக்குக் காத்திருக்கும் பழக்கத்துக்குத் தாயம் நல்ல விளையாட்டு. பந்து உருட்டுவதும் போதும்.

ஒன்றை மட்டும் கொஞ்சம் விரிவாகச் சொல்லவேண்டும். ஐந்து வயதில் எல்லோரையும் கட்டிப்பிடிக்கும் பிள்ளையைப் பார்த்து "நல்ல பாசம்" என்கின்றோம். பதினைந்து வயதிலும் அவள் அதையே செய்கிறாள். அப்போது ஊர் வேறுவிதமாகப் பார்க்கும்; அதைப் பயன்படுத்த நினைப்பவனும் பார்ப்பான். ஆகவே கட்டிப்பிடிப்பது வீட்டிலுள்ள இன்னாருக்கு மட்டும், மற்றவர்களுக்கு 'வணக்கம்' என்று சிறுவயதிலேயே பழக்குவது அவசியம். உடம்பின் மறைவான பாகங்களுக்கும் பெயர் சொல்லிக் கொடுங்கள். நாங்கள் வெட்கத்தினால் பெயரில்லாமல் விட்ட இடத்தில் ஏதும் நடந்தால் பிள்ளை எந்தச் சொல்லால் அதைச் சொல்லும்? மாதவிடாய்த் துணி மாற்றுவதையும் படங்களாக வரைந்து மலசலகூடச் சுவரில் ஒட்டிப் படிப்படியாகப் பழக்கலாம்.

'வேண்டாம்' என்ற சொல்லைத்தான் நாங்கள் மிகக் குறைவாகப் படிப்பிக்கின்றோம். சொல்வழி கேட்கும் பிள்ளைதான் நல்ல பிள்ளை என்று பழக்கிவிட்டு, கெட்டவன் கூப்பிடும்போது மட்டும் மறுக்கவேண்டும் என்று எதிர்பார்க்க முடியாது. சாப்பாட்டுக் கோப்பையைத் தள்ளி 'வேண்டாம்' என்று காட்டினால் எடுத்துவிடுங்கள். வீட்டில் மதிக்கப்பட்ட 'வேண்டாம்' தான் வெளியில் துணிவோடு வரும். ஏதாவது நடந்துவிட்டது என்று சந்தேகித்தால் மறைக்கவேண்டாம். சிறுவர்களுக்கு 1929, பெண்களுக்கு 1938 ஆகிய இலக்கங்களில் முறையிடலாம்.

"என்ரை பிள்ளைக்கு வயது முப்பதாகிவிட்டது, இனி என்ன?" என்று கேட்கும் அம்மாமாரும் இருக்கின்றார்கள். இடப்பெயர்வுக் காலத்தில் பிறந்து பாடசாலையையே காணாத பிள்ளைகள் அவர்கள். சிறுவயதில் தொடங்கினால் வேகம் கூட என்பது உண்மை. ஆயினும் முப்பதிலும் ஒருவர் புதிதாக ஐந்து சைகை படிக்கலாம். 'நோகுது', 'வேண்டாம்', 'உதவி', 'தண்ணி', 'மலசலகூடம்' என்ற ஐந்தும் தெரிந்தால், தாய் ஆஸ்பத்திரியில் கிடக்கும் ஒரு கிழமையைச் சித்தி வீட்டில் கழிக்க முடியும்.

யுத்தநிறுத்தக் காலத்தில், 2004 இல், கோண்டாவிலில் ஆறு. திருமுருகன் அவர்கள் தொடங்கிய சிவபூமிப் பாடசாலை இப்படியான பிள்ளைகளுக்கானது. சில அரச பாடசாலைகளில் விசேட கல்வி அலகுகள் உண்டு. வீட்டுக்கு வரும் குடும்பநல மருத்துவமாதுவிடம் பிள்ளையின் தாமதத்தைச் சொல்லுங்கள். பிரதேச செயலகத்தில் சமூகசேவை உத்தியோகத்தரிடம் உதவிப் பணம் பற்றிக் கேளுங்கள். பேச்சு மொழிச் சிகிச்சைக்குத் தமிழில் பயிற்சி பெற்றவர்கள் மிகக் குறைவு, கிளினிக்குக்குத் திகதி கிடைக்க நாளெடுக்கும். அதற்காக வீட்டுவேலையை நிறுத்திவைக்க வேண்டாம். பாடசாலை பிள்ளையைச் சேர்க்க மறுத்தால், வலது குறைந்தோர் உரிமைகளைப் பாதுகாக்கும் 1996 ஆம் ஆண்டின் 28 ஆம் இலக்கச் சட்டம் இருப்பதை நினைவுபடுத்துங்கள். இலங்கை 2016 இல் ஏற்றுக்கொண்ட ஐ.நா. சமவாயமும் பேச்சுக்குப் பதிலான வழிகளைத் தொடர்பாடலாகவே கணிக்கின்றது.

இவற்றோடு, நாளைக்கே செய்யக்கூடிய ஒரு வேலையும் உண்டு. நாற்பது பக்கக் கொப்பி ஒன்றை எடுங்கள். முதற்பக்கத்தில் பிள்ளையின் பெயர், வயது, விலாசம், குடிக்கும் மருந்து. பிறகு ஒவ்வொரு பக்கத்திலும் 'இப்படிச் செய்தால் இது அர்த்தம். அப்போது இப்படிச் செய்யுங்கள்' என்று எழுதுங்கள். எழுதத் தெரியாவிட்டால் ஏ.எல். படிக்கும் பக்கத்து வீட்டுப் பிள்ளையிடம் சொல்லி எழுதுவியுங்கள். எதற்குப் பயப்படும், எந்தப் பாட்டுக்கு அமைதியாகும், வெடிச் சத்தம் கேட்டால் எங்கே போய் ஒளிக்கும் என்பதையும் விடவேண்டாம். ஒரு பிரதி வீட்டில், இன்னொன்று நம்பிக்கையான உறவினரிடம். பிள்ளையின் பிறந்தநாள் வரும்போதெல்லாம் எடுத்துப் பார்த்து, மாறியவற்றைத் திருத்தி எழுதுங்கள்.