உங்களுக்குத் தெரியுமா? மாவுக்கட்டு பிரிச்சாச்சு... இனிமேதான் இருக்கு ஆட்டம்!

உங்கள் விரல்களுக்குள் தசையே கிடையாது! விரலை மடக்கும் முக்கியத் தசைகள் எல்லாம் முன்கையில் உட்கார்ந்துகொண்டு, பொம்மலாட்டக்காரர் மாதிரி நாணைப் பிடித்து இழுக்கின்றன. நம்பிக்கை இல்லையா? இடது கையால் வலது முன்கையைப் பிடித்துக்கொண்டு வலது விரல்களை ஆட்டுங்கள். உள்ளே நெளிகிறதா? அதேதான்!

ஒரு கையில் 27 எலும்புகள். இரண்டு கைக்கும் 54. உடம்பு முழுக்கவே 206தான். கால்வாசிக்கு மேல் கையிலேயே!

வழுக்கி விழுந்து கையை ஊன்றினால் மணிக்கட்டை ஒட்டி உடைகிற முன்கை எலும்பைப் பற்றி அயர்லாந்து மருத்துவர் ஆபிரகாம் காலிஸ் துல்லியமாக எழுதியது 1814-ல். எக்ஸ்ரே வந்தது 1895-ல். 81 வருஷம் முந்திக்கொண்டார் மனுஷன்!

அந்த எக்ஸ்ரேயைக் கண்டுபிடித்த ரோண்ட்கன் எடுத்த புகழ்பெற்ற முதல் மனிதப் படம் எது? அவர் மனைவியின் கை! மோதிரத்தோடு!

உடைந்தது மணிக்கட்டு. இறுகிப்போவது தோள்பட்டை! கையைத் தூளியில் தொங்கப் போட்டு ஆட்டாமலே வைத்திருந்தால் அடிபடாத தோளும் மக்கர் பண்ணும். அதனால்தான் கட்டு இருக்கும்போதே விரலையும் தோளையும் அசைக்கச் சொல்கிறார் டாக்டர். நாம்தான் கேட்பதில்லை!

அடுத்தது நான் தேடிப் பிடித்ததிலேயே பெரிய சரக்கு. அமெரிக்காவின் ஒஹையோ பல்கலைக்கழகத்தில் நல்ல கைகளுக்கே நாலு வாரம் கட்டுப் போட்டார்கள். ஒரு குழுவை மட்டும், கையை அசைக்காமல், மணிக்கட்டை முழுப் பலத்தோடு மடக்குவதாக மனசுக்குள் நினைக்கச் சொன்னார்கள். வெறும் நினைப்பு! கட்டைப் பிரித்துப் பார்த்தால், சும்மா இருந்தவர்களுக்குப் பலம் 45 சதவீதம் காலி. நினைத்தவர்களுக்கு 24 சதவீதம்தான்! 2014-ல் வெளியான ஆய்வு இது. நினைப்புதான் பொழப்பைக் கெடுக்கும் என்று யார் சொன்னது?

வலது கைக்குப் பயிற்சி கொடுத்தால் சும்மா கிடக்கும் இடது கைக்கும் பலம் ஏறும்! 1894-லேயே யேல் பல்கலைக்கழகத்தில் கண்டுபிடித்துவிட்டார்கள். கட்டுப் போட்ட காலத்தில் நல்ல கைக்கு ஏன் பயிற்சி என்று இனி கேட்க மாட்டீர்களே!

பஞ்சுப் பந்தை அமுக்கு, அப்புறம் கெட்டிப் பந்தை அமுக்கு என்று இன்றைக்குச் சொல்கிறார்கள் அல்லவா? கை எலும்பு கூடியதும் முதலில் மண் உருண்டையைப் பிடி, பலம் வந்த பிறகு கல்லைப் பிடி என்று சுஸ்ருத சம்ஹிதையிலேயே இருக்கிறது! பந்துதான் புதுசு, வித்தை பழசு!

சென்னை ஸ்டான்லி மருத்துவக் கல்லூரியில் படித்த வி.எஸ். ராமச்சந்திரன் ஒரு சாதாரணக் கண்ணாடியை வைத்து உலகத்தையே திரும்பிப் பார்க்க வைத்தார். நல்ல கையைக் கண்ணாடி முன் ஆட்டினால், மறைந்திருக்கும் கைதான் ஆடுகிறது என்று மூளை ஏமாந்துவிடும்! 1990-களில், துண்டிக்கப்பட்டு இல்லாத கையில் வலிக்கிறது என்றவர்களுக்காக வந்த உத்தி. இன்று, எலும்பு கூடியும் எரிச்சல் அடங்காத கைகளுக்கும் இதே கண்ணாடி! விலை? சந்தையில் வாங்குகிற கண்ணாடி போதும்!

தொழுநோயால் மடங்கிப்போன விரல்களை, தசைநாணை இடம் மாற்றித் தைத்து நிமிர்த்திக் காட்டினார் வேலூர் சி.எம்.சி.யின் பால் பிராண்ட். 1940-களின் கடைசியில்! அங்கேயே டாக்டர் மேரி வர்கீஸ், 1954 விபத்தில் கால்கள் செயலிழந்த பிறகு, சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே கைகளுக்கு அறுவை சிகிச்சை செய்தார். மறுபடி படிக்கிறீர்களா? சக்கர நாற்காலியில் உட்கார்ந்தபடியே!

மணிக்கட்டு மேல்நோக்கி 70 டிகிரி வரை வளையும். கட்டுப் பிரித்ததும் முழுசும் வளையவில்லையே என்று அழ வேண்டாம். அன்றாட வேலைகளில் பெரும்பாலானவற்றுக்கு 40 டிகிரி போதும்!

உள்ளங்கையைக் கவிழ்க்கும்போது முன்கையின் ஒரு எலும்பு இன்னொன்றின் மேல் குறுக்கே ஏறிப் படுக்கிறது! சில்லறை வாங்க நிமிர்த்தினால் இறங்கிவிடும். பல பேருக்குக் கட்டுப் பிரித்ததும் பிடிவாதம் பிடிப்பது இந்தத் திருப்பம்தான். பீடி சுற்றுகிற நம் தென்காசி மாவட்டத்து அக்காக்களைக் கேளுங்கள், மணிக்கட்டு ஒருநாள் மக்கர் பண்ணினால் கூலி என்ன ஆகும் என்று!

2021 ஆகஸ்ட் 5-ல் தொடங்கிய 'மக்களைத் தேடி மருத்துவம்' திட்டத்தில் சர்க்கரை, பிரஷர் மாத்திரை மட்டும்தான் என்று நினைத்தீர்களா? வீட்டுக்கே வந்து இயன்முறைச் சிகிச்சை தருவதும் அதில் உண்டு! மேலநீலிதநல்லூர்க்காரர்களே, சங்கரன்கோவிலுக்குப் பஸ் ஏற முடியாத பாட்டி வீட்டில் இருக்கிறாரா? ஆரம்ப சுகாதார நிலையத்தில் இன்றைக்கே விசாரியுங்கள். கை வீங்கிச் சிவந்து எரிந்தால் மட்டும் நாள் கடத்தாமல் நேரே டாக்டரிடம் ஓடுங்கள்!