தேர் முட்டுக்கட்டையும் சங்க லாரியும்

'அச்சாணி இல்லாத தேர் முச்சாணும் ஓடாது' என்பது நம் முன்னோர் வாக்கு. வண்டி ஓடுவதற்கு வேண்டியதை அது கூறுகிறது. ஓடும் வண்டி விரும்பிய வழியில் திரும்பவும், விரும்பிய இடத்தில் நிற்கவும் வேண்டியது யாது என்பதை அறிய விழைவோர், கார்த்திகைத் திங்களில் திருவண்ணாமலைத் தேரோட்டத்தைக் கூர்ந்து நோக்கினால் போதும்.

தீபத் திருவிழாவின் ஏழாம் நாளில் விநாயகர், முருகர், அண்ணாமலையார், பராசக்தி அம்மன், சண்டிகேசுவரர் ஆகிய ஐந்து தேர்களும் மாட வீதிகளில் வலம் வருகின்றன. பெரிய தேரின் வடத்தைப் பல்லாயிரம் கைகள் பற்றியிருக்கும். ஆயினும் அத்தேரைத் திருப்புவதற்கு ஓட்டுநர் எவருமில்லை. அச்சுகளும் வளைந்து கொடுப்பதில்லை. சக்கரங்களை ஒட்டி நடக்கும் சிலர் கையிலுள்ள முட்டுக்கட்டைகளே அதற்கு ஸ்டியரிங். அவையே அதற்குப் பிரேக். இரு புறமும் ஒருங்கே கட்டையிட்டால் தேர் நேராக நிற்கும். ஒரு புறத்துச் சக்கரத்தை மட்டும் தடுத்தால், மறுபுறம் முன்னேற, தடுத்த பக்கமாகவே தேர் திரும்பும்.

பிரேக்கை மிதித்ததும் பழைய லாரி ஒரு பக்கமாக இழுப்பது இதே விதியினால்தான். தேரில் அறிந்து செய்வது லாரியில் அறியாமல் நிகழ்கிறது. தேர் மனிதர் நடக்கும் வேகத்தில் நகர்கிறது. லாரியோ சுமையுடன் விரைகிறது. ஆகவேதான் அங்கே கலையாக விளங்குவது இங்கே அபாயமாகிறது.

நம் மாவட்டத்துச் சங்கங்களின் வண்டிகள் ஆரணிப் பக்கம் நெசவாளர்க்கு நூலும் பட்டும் கொண்டு செல்கின்றன. செங்கம், போளூர் வட்டங்களிலிருந்து நெல்லும் மணிலாக் கொட்டையும் ஏற்றி வருகின்றன. சவ்வாது மலை வளைவுகளில் சாமையும் புளியும் சுமந்து இறங்குகின்றன. 14 கிலோமீட்டர் கிரிவலப் பாதையிலோ அடியார் கால்நடையாகச் செல்லாத நாளே இல்லை. இவ்விடங்களிலெல்லாம் ஒரு முழம் விலகும் வண்டி ஓர் உயிரைக் கேட்கும்.

இரண்டும் ஒரே நோயன்று

ஸ்டியரிங் தளர்வும் பிரேக் இழுப்பும் சேர்ந்து வருவதால், இரண்டையும் ஒன்றாகக் கருதி, ஸ்டியரிங் பாக்ஸின் திருகை இறுக்கிவிட்டு வண்டியை அனுப்பிவிடும் வழக்கம் சில பட்டறைகளில் உண்டு. இது தவறு. பாக்ஸின் பற்கள் நேராக ஓடும் நிலையில்தான் மிகுதியாகத் தேய்கின்றன. அவ்விடத்துத் தளர்வை நீக்க அளவுக்கு மீறி இறுக்கினால், வளைவில் ஸ்டியரிங் சிக்கும். வளைந்தபின் தானாக நேருக்குத் திரும்பாது. சக்கரத்திலிருந்து தொடங்கி உள்நோக்கி ஆராய்ந்து, பாக்ஸைக் கடைசியாகத் தொடுவதே முறை.

எல்லாவற்றுக்கும் முன், செலவில்லாத சோதனை ஒன்று உண்டு. முன் டயர்கள் இரண்டிலும் காற்று சமமாக உள்ளதா, இரண்டும் ஒரே வகையா, ஒரே அளவு தேய்ந்தவையா, சுமை ஒரு பக்கம் சாய்ந்து ஏற்றப்பட்டுள்ளதா என்று பார்க்க வேண்டும். இழுப்பு இங்கேயே தீர்ந்துபோவதும் உண்டு.

அடுத்து ஸ்டியரிங். வண்டியைச் சமதரையில் நிறுத்தி, ஒருவர் ஸ்டியரிங்கை இருபுறமும் மெல்ல அசைக்க, மற்றொருவர் கீழிருந்து ஒவ்வொரு மூட்டாகக் கவனிக்க வேண்டும். எந்த மூட்டில் ஒரு பக்கம் அசைந்தும் மறுபக்கம் அசையாதிருக்கிறதோ, அங்கே தேய்வு உள்ளது.

பின்பு பின் சக்கரங்களுக்கு அடைகட்டை வைத்து, முன் அச்சை ஜாக்கியில் தூக்கி, உறுதியான தாங்கியின்மேல் நிறுத்த வேண்டும். டயரின் மேலும் கீழும் பிடித்து ஆட்டினால் ஆட்டம் தெரிகிறதா? அப்போது ஒருவரைப் பிரேக்கை மிதிக்கச் சொல்லுக. ஆட்டம் மறைந்தால் குறை பேரிங்கில். மறையாவிடில் கிங் பின்னில். டயரின் இரு பக்கமும் பிடித்து ஆட்டும்போது மட்டும் ஆட்டம் தெரிந்தால் டை ராடு முனைகளைப் பார்க்க வேண்டும். தேய்ந்த முனையை மாற்றியபின் வீல் அலைன்மென்ட் பார்த்தல் இன்றியமையாதது. பழைய காட்டர் பின்னை மீண்டும் போடுதல் கூடாது. ஸ்டியரிங் பாகங்களில் வெல்டிங் வைப்பது எக்காலத்தும் ஆகாது. கிங் பின்னுக்குக் கிரீஸ் அடிக்கும்போது சக்கரம் தரையினின்று உயர்ந்திருப்பின் கிரீஸ் எங்கும் பரவும்.

பிரேக் எந்தப் பக்கம் குறை?

வண்டி இடப்புறம் இழுத்தால் இடப்புறப் பிரேக்கையே பலரும் குறை கூறுவர். பெரும்பாலும் குறை வலப்புறத்தில் இருக்கும். அங்கே பிடிப்புக் குறைந்ததனால்தான் இடப்புறம் மேலோங்குகிறது. சிறிது தூரம் ஓட்டி, சில முறை பிரேக் போட்டு நிறுத்தியபின், டிரம்களின் அருகே புறங்கையைக் கொண்டுசென்று வெப்பத்தை ஒப்பிட்டால் உண்மை விளங்கும். குளிர்ந்திருப்பது வேலை செய்யாத சக்கரம். கொதித்திருப்பது பிரேக்கை விட்டபின்னும் விடாமல் பிடிக்கும் சக்கரம்.

ஹைட்ராலிக் பிரேக் உள்ள சிறு லாரிகளில் காரணங்கள் சிலவே: ஆயில் சீல் கசிந்து லைனிங் நனைதல், வீல் சிலிண்டர் இறுகிப்போதல், இரு பக்கமும் அட்ஜஸ்ட்மென்ட் ஒவ்வாதிருத்தல், டிரம் வட்டம் கெடுதல், குழாயில் காற்றுப் புகுதல். ரப்பர் ஹோஸ் உள்ளே ஊதிப்போனால், மிதிக்கும்போது ஆயில் சென்றுவிடும், திரும்பி வராது. வெளியே பார்த்தால் ஹோஸ் நன்றாகவே தோன்றும்.

பிரேக் ஆயில் காற்றிலுள்ள ஈரத்தை உறிஞ்சும் இயல்புடையது. டாட் 3 வகை ஆயில் புதிதாயின் குறைந்தது 205 டிகிரி செல்சியஸ் வரை கொதியாது. ஈரமேறியதற்கு அவ்வரம்பு 140 டிகிரிதான். மலையிறக்கத்தில் ஓயாது பிரேக் மிதித்தால் ஆயில் கொதித்து ஆவியாகி, மிதி வெறுமனே உள்ளே போகும். குறைந்த கியரில் இறங்குவதும், கையேடு குறித்த காலத்தில் ஆயிலை மாற்றுவதுமே காப்பு. என்ஜின் ஆயிலையோ டீசலையோ அதில் ஊற்றினால் ரப்பர்கள் ஊறிக் கெடும். பழைய லைனிங்கின் தூசியில் கல்நார் கலந்திருக்கலாமாதலால், காற்றடித்து ஊதாமல் ஈரத்துணியால் துடைக்க வேண்டும்.

இணையாகச் செய்க

இவையனைத்துக்கும் மேலான விதி ஒன்றுண்டு. ஓர் அச்சின் இரு பக்கமும் ஒருங்கே பழுது பார்க்கப்பட வேண்டும். ஒரு பக்கம் புது லைனிங்கும் மறுபக்கம் பழையதுமாக ஓடும் வண்டி இழுக்கவே செய்யும். பாவு ஒரு பக்கம் தளர்ந்தால் துணி கோணுவதை நெசவாளர் அறிவர். ஒரு காளை முந்தி இழுத்தால் ஏர்ச்சால் கோணுவதை உழவர் அறிவர். அதே அறிவு லாரிக்கும் வேண்டும்.

இங்கேதான் நிர்வாகக் குழுவின் பொறுப்பு வருகிறது. பட்டறைக்காரர் இரு பக்கமும் மாற்ற வேண்டுமெனக் கூறும்போது, ஒரு பக்கத்துக்கு மட்டும் பணம் அனுமதித்துச் சிக்கனம் செய்ததாகத் தீர்மானம் எழுதுவதுண்டு. அச்சிக்கனம் டயர்த் தேய்விலும் மறு பழுதிலும் கரைந்துவிடும். விபத்து நேரிட்டாலோ கணக்கில் அடங்காது.

எட்டு ஆண்டைக் கடந்த சரக்கு வண்டிக்கு ஆண்டுதோறும் தகுதிச் சான்று பெறவேண்டுமென்பது சட்டம். ஆனால் சான்று காட்டுவது சோதித்த நாளின் நிலையையே; மற்றைய நாட்களுக்குச் சங்கமே பொறுப்பு. ஆகவே நாம் வற்புறுத்துவன இவை: ஓட்டுநர் தாம் உணர்ந்த குறையை அன்றே குறிப்பேட்டில் எழுத வேண்டும். குழுக் கூட்டத்தில் செலவுப் பட்டியலுக்கு முன் அக்குறிப்பேடு படிக்கப்பட வேண்டும். பட்டறைச் சீட்டில் எப்பாகம், எப்பக்கம் என்பது எழுதப்பட வேண்டும். கழற்றிய பழைய உதிரிகள் சங்கத்தில் ஒப்படைக்கப்பட வேண்டும். பழுது முடிந்தபின், சுமையின்றியும் சுமையோடும், ஆளரவமற்ற சாலையில் ஓட்டிப் பார்த்தே வண்டியை ஏற்க வேண்டும்.

திருவண்ணாமலைப் பெரிய தேரைச் சீரமைத்தபோது, 2024 நவம்பரில் வெள்ளோட்டம் விட்ட பின்னரே திருவிழாவுக்கு விட்டனர். திருவாரூர் ஆழித்தேருக்கு இரும்புச் சக்கரங்களையும் அச்சையும் ஹைட்ராலிக் பிரேக்கையும் திருச்சி பாரத மிகுமின் நிறுவனம் பொருத்தித் தந்தது. ஆண்டில் சில நாள் நகரும் தேருக்கே இத்தனை கவனம் என்றால், நாள்தோறும் நம் அங்கத்தினரின் உழைப்பைச் சுமந்து ஓடும் வண்டிக்கு எத்தனை வேண்டும்? அடுத்த குழுக் கூட்டத்திலேயே ஓட்டுநரை அழைத்து, வண்டி எப்பக்கம் இழுக்கிறது என்று கேளுங்கள்.